கணி மரம்

டொராண்டோவில் இருக்கும் அண்ணன் மகள் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டுப் பின்புறத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி, அதில் நாலே நாலு வெள்ளைப் பூ. டாக்வுட் என்று பெயராம். இதழ் போல வெள்ளையாகத் தெரிபவை இதழ்கள் இல்லை, பூவடி இலைகள் என்றும், நடுவில் பச்சையாகக் கொத்தாக இருப்பவைதான் பூக்கள் என்றும் விளக்கம் எழுதியிருந்தாள். இலையுதிர் காலத்தில் சிவப்புப் பழம் வருமாம். குளிருக்கு முன் தெற்கே போகும் பறவைகளுக்கு அது நல்ல கொழுப்புத் தீனியாம். ஒண்டாரியோவின் தெற்கு மூலையில் இயற்கையாக வளர்ந்த மரம்தான், இப்போது அழியும் நிலையில் இருக்கிறது என்பதால் நட்டிருக்கிறாள். கடைசி வரியில் ஒரு கேள்வி: "சித்தப்பா, பறவைகளுக்குன்னு ஒரு பூ மரம் வைக்கணும்னா நம்ம ஊர்ல எதை வைப்பாங்க?"

நம்ம ஊர் என்று அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் பிறந்தது கனடாவில். அவள் அப்பா வளர்ந்தது சென்னை வியாசர்பாடியில். அவள் தாத்தா, என் பெரியப்பா, பிறந்தது இங்கே ரங்கூனில். அவருடைய அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஒரே ஒரு மரத்தின் பெயரைப் பதிலாக எழுதினேன்: படௌக். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு நாள் கழித்து, "அதுக்குத் தமிழ்ல என்ன பேர்?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எழுதிய பதில்.

யாங்கோனில் ஏப்ரல் மாதம் வெயில் கொதிக்கும்போது, கோடையின் முதல் மழை ஒன்று தப்பித்தவறிப் பெய்யும். அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில் எழுந்து பார்த்தால் தெருவெல்லாம் மஞ்சள். ஒரு கிளை முன்னே ஒரு கிளை பின்னே என்று படௌக் பூப்பதில்லை. மொட்டுகளைப் பிடித்து வைத்திருந்து மொத்தமாக அவிழ்த்துவிடும். மணம் தெருமுனை வரை வரும். பெண்கள் கொத்தாக ஒடித்துக் கொண்டையில் வைப்பார்கள், டாக்சிக்காரர்கள் கண்ணாடிக்கு முன்னால் செருகுவார்கள், சுவேடகோன் படிக்கட்டில் கட்டுக்கட்டாக விற்கும். மறுநாள் எல்லாம் தரையில். ஒரு நாள் பூ அது.

இது நடப்பது திஞ்சான் சமயத்தில், அதாவது பர்மியப் புத்தாண்டுக்கு முந்தின தண்ணீர் விழாவின்போது. திஞ்சான் என்ற சொல் நமக்கு அந்நியம் இல்லை, சங்கராந்தி என்பதன் பர்மிய வடிவம்தான் அது. சூரியன் மேஷத்தில் நுழையும் அதே கணக்கில்தான் நமக்குச் சித்திரை ஒன்று, அவர்களுக்குத் திஞ்சான். எங்கள் வீட்டில் சித்திரைக் கனிக்குத் தட்டில் மாம்பழத்துக்குப் பக்கத்தில் எப்போதும் படௌக் கொத்துதான் இருக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கொன்றை வைப்பார்கள் என்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். சும்மா சொல்லிவைக்கிறேன்: பர்மிய மரபில் மாதத்துக்கு ஒரு பூ உண்டு. புத்தாண்டு மாதமான தகூவுக்கு உரிய பூ படௌக் இல்லை, கங்கோ. நாம் நாகப்பூ என்று சொல்வது. அடுத்த மாதத்துக்குச் சகா, நம் சண்பகம். பட்டியலில் இடம் கிடைக்காவிட்டாலும் மக்கள் மனதில் புத்தாண்டுப் பூ என்றால் படௌக்தான்.

இனி அதன் தமிழ்ப் பெயருக்கு வருகிறேன். தாவரவியலில் படௌக்கின் பேரினம் டெரோகார்பஸ், சிறகுள்ள காய் என்று பொருள். காய் தட்டையாக, வட்டமாக, நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய விளிம்புமாக இருக்கும். பர்மாவின் காடுகளில் இருப்பது டெரோகார்பஸ் மாக்ரோகார்பஸ். நகரத்தில் நட்டிருப்பவை பெரும்பாலும் டெரோகார்பஸ் இண்டிகஸ். சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு இது அங்சானா. பிலிப்பைன்ஸில் இதே மரம் நாரா, அவர்களுடைய தேசிய மரம். இந்தப் பேரினத்தில் தமிழ்நாட்டு மலைகளில் வளர்வது டெரோகார்பஸ் மார்சூபியம். அதற்கு நம் பெயர் வேங்கை. ஆந்திர எல்லையில் வெட்டிக் கடத்தப்படும் செம்மரமும் இதற்குத் தங்கைதான். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்ற தமிழகக் கூலித் தொழிலாளிகள் 20 பேர் அந்த மரத்துக்காகத்தான் செத்தார்கள்.

ஆக, படௌக்குக்குச் சரியான தமிழ்ப் பெயர் என்று ஒன்று இல்லை. ஆனால் வேங்கையின் நேர்ப் பங்காளி. வேங்கை என்று எழுதியதும் எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறாரே, அந்த நீண்ட வரிசை முடியப்போகும் இடத்தில் வேங்கை வருகிறது. கரிய பாறையில் மஞ்சள் பூ உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து யானை புலி என்று மிரளும். பூப் பறிக்கப் போகும் பெண்கள் "புலி, புலி" என்று கூச்சல் போடுவார்கள். பழைய பாடல்களில் இவை திரும்பத் திரும்ப வரும். வேங்கைக்கு இன்னொரு பெயரும் இருந்தது: கணி. கணி என்றால் சோதிடன், நாள் குறித்துக் கொடுப்பவன். வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது, அறுவடைக்கு நாள் வந்துவிட்டது என்று மலைக்குறவர்கள் தெரிந்துகொண்டார்கள். தினைப்புனம் காவல் காத்த பெண் அதோடு வீட்டுக்குள் போயாக வேண்டும். காதலனை இனிப் பார்க்க முடியாது. அதனால் பாவம் அந்த மரத்துக்கு வசவும் நிறைய விழுந்தது.

பர்மாவில் படௌக் செய்வதும் கணி வேலைதான். நாள்காட்டி தெரியாதவனுக்கும் ஆண்டு திரும்புவதை அது சொல்லிவிடும். இரண்டு இடத்துக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்ததில்லை இது. மரத்தின் சுபாவம் அப்படி. தாங்கவே முடியாத கோடையில் திடீரென்று ஒரே நாளில் பூத்து நிற்கும் மரத்தை யார் பார்த்தாலும் அதில் ஒரு தேதியைப் படிக்கத்தான் செய்வார்கள்.

தமிழர்கள் இந்த மரத்தை எப்போது முதலில் பார்த்தார்கள்? சோழர் காலக் கடற்பயணங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு, அவர்களிடம் அதை விட்டுவிடுகிறேன். கூட்டமாக வந்தது 1824 மே மாதம். முதல் ஆங்கில–பர்மியப் போருக்குக் கப்பலில் ரங்கூன் வந்திறங்கிய படையில் மதராஸ் சிப்பாய்கள் பெருந்தொகை. அந்தப் போரை நடத்திய கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட். போர் முடிந்த மறு ஆண்டு, 1827இல், கல்கத்தா தாவரத் தோட்டத்தின் நத்தானியல் வாலிக் மார்த்தாபான் பக்கம் ஒரு புத்த மடத்தின் தோட்டத்தில் செந்நிறப் பூங்கொத்துகள் தொங்கும் மரத்தைப் பார்த்து மயங்கிப்போய், அதற்கு ஆம்ஹர்ஸ்ட் சீமாட்டியின் பெயரையும் அவர் மகளின் பெயரையும் சேர்த்து ஆம்ஹர்ஸ்டியா என்று வைத்தார். பர்மியர்கள் அதற்கு முன்பே தோக்கா என்று ஒரு பெயர் வைத்துப் புத்தருக்குப் பூச் சாத்திக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்துப் பணக்காரத் தோட்டங்கள் அந்த மரத்தைப் பூக்க வைக்கப் போட்டி போட்டன. 1849இல் ஈலிங்கில் லாரன்ஸ் சீமாட்டியின் கண்ணாடி வீட்டில்தான் அது முதலில் பூத்தது.

படௌக்குக்கு அந்த மாதிரி யோகம் இல்லை. அதைப் பார்த்த ஆங்கிலேயர்கள் அழகைப் பார்க்கவில்லை, கன அடியைப் பார்த்தார்கள். 1856இல் பெகு காடுகளுக்கு அதிகாரியாக வந்த டீட்ரிக் பிராண்டிஸ் தேக்கைக் கணக்கெடுத்தார். படௌக்கும் காட்டு இலாகாவின் கணக்கில் வந்தது. செக்கச்சிவந்த, கெட்டியான மரம். பீரங்கி வண்டிக்கும் சக்கரத்துக்கும் தோதாக இருந்தது. பர்மியர்களும் வண்டிச் சக்கரம் செய்தார்கள், ஆனால் அவர்கள் அதைக் குடைந்து சவுங் என்ற வில்யாழின் உடலையும் செய்தார்கள். சிலப்பதிகாரத்து யாழ் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் யாங்கோனுக்கு வந்து சவுங்கைப் பார்க்கலாம். உயிரோடு இருக்கும் வில்யாழ்களில் அது ஒன்று.

1852க்குப் பிறகு ரங்கூனைக் கட்டம் கட்டமாகத் தெருப் போட்டு எழுப்பினார்கள். சாலைகளில் நிழல் மரங்கள் வந்தன. அந்தத் தெருக்களில் நம்மவர்களும் வந்தார்கள். அப்போது பிரேசர் தெரு என்றிருந்த இன்றைய அனவ்ரதா சாலையில் 1871இல் காளி கோயில் எழுந்தது. மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள். துறைமுகத்தில், அரிசி ஆலைகளில், டெல்டா வயல்களில் கூலிகள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் 4 லட்சம் பேரில் 2 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள். பர்மியர்கள் தங்கள் தலைநகரிலேயே சிறுபான்மை. விலைவாசி சரிந்த அந்தப் பத்தாண்டில், கீழ் பர்மாவின் நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. இதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததை மட்டும் சொல்லி அழுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். வியாசர்பாடியில் இதை யாரும் என்னிடம் ஒத்துக்கொண்டதில்லை.

பின்னால் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள், அதில் மிகப் பெரும்பாலோர் நடந்து. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்தவர்களில் ஒருவர். 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்ற அவர் புத்தகத்தை இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ஒருமுறையாவது புரட்ட வேண்டும். சிந்துவின் ஆற்றோரம் கலேவாவைத் தாண்டித் தமூ வழியாக மணிப்பூருக்குப் போகும் பாதை தேக்கும் படௌக்கும் கலந்த காடுகள் உள்ள நாடு. மக்கள் சாரிசாரியாகப் போனது மார்ச்சிலிருந்து மே வரை. காலராவிலும் தாகத்திலும் ஆயிரக்கணக்கானோர் விழுந்த அந்த ஏப்ரலில் தலைக்கு மேல் படௌக் பூத்திருக்கும். பூக்காமல் இருந்திருக்க வழியில்லை. ஊரை எரித்துவிட்டு மேற்கே நடந்து வந்த கண்ணகி மலைமேல் ஒரு வேங்கையின் நிழலில் நின்றதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பதினான்காம் நாள் அங்கிருந்துதான் விண்ணுக்குப் போகிறாள். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதைதான் கண்ணில் வரும்.

எங்கள் தாத்தா நடக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தார், அதனால் தங்கினார். எங்கள் குடும்பம் இங்கே இருப்பதற்குக் காரணம் அந்தக் காய்ச்சல்தான்.

இரண்டாவது பிரிவு 1964. மார்ச்சில் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். மே 17 அன்று 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெரியப்பாவின் ஜவுளிக் கடை முதலில் போனது, மிச்சம் வைத்திருந்த நோட்டு அடுத்துப் போனது. இந்திய அரசு அனுப்பிய கப்பல்களில் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். பணமும் நகையும் கொண்டுபோகக் கடுமையான கட்டுப்பாடு. பெரியப்பா குடும்பம் 1965இல் மழை தொடங்கும் நேரத்தில் போனது. அப்பா கிளார்க் வேலையில் இருந்தார், குடியுரிமை இருந்தது, போகவில்லை. அண்ணனும் தம்பியும் அதன் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

அவர்கள் கப்பலேறிய வாரத்தில் அப்பா திங்கன்ஜூன் வீட்டு முற்றத்தில் ஒரு படௌக் கிளையை நட்டார். நினைவுச் சின்னமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "வேலிக்குக் கால் வேணும்னு நட்டேன், அது துளிர்த்துடுச்சு" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். இந்த மரத்தின் விசேஷமே அதுதான். விதை போட்டுக் காத்திருக்க வேண்டாம். கை கனத்துக்கு, ஆள் உயரத்துக்கு ஒரு கொம்பை வெட்டி மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றினால் வேர் பிடிக்கும். சிங்கப்பூரை 1967க்குப் பிறகு தோட்ட நகரமாக்கியபோது அங்சானாவின் பெருங்கொம்புகளை இப்படித்தான் சாலையோரம் ஊன்றி உடனடி நிழல் கண்டார்கள். அதற்கு முன்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் இதே மரங்கள் நோய் கண்டு சாரிசாரியாகச் செத்திருந்தன. அது மறந்துபோகும் அளவுக்கு வருஷம் ஓடிவிட்டிருந்தது.

எங்கள் மரம் 43 வருஷம் நின்றது. 2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் வந்தது. டெல்டாவில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எங்கள் தாத்தா முதலில் கூலியாக இறங்கிய ஊர்களும் அங்கேதான் இருந்தன. அந்தச் சாவுக்கு முன்னால் மரங்களைப் பேசுவது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லவேண்டும்: மறுநாள் காலையில் யாங்கோன் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆங்கிலேயர் காலத்துச் சாலை மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்து கிடந்தன. நிழலே இல்லாத நகரம். எங்கள் படௌக் பக்கத்து வீட்டுச் சுவர் மேல் விழுந்து கிடந்தது. வாள் போட்டதும் வெட்டிய இடத்தில் சிவப்பாகக் கசிந்தது. படௌக்குக்கும் வேங்கைக்கும் பால் ரத்த நிறம், நம் வைத்தியர்கள் உதிரவேங்கை என்று சொல்வது அதனால்தான். அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊரில் வேங்கைப் பாலைக் காய்ச்சித்தான் குழந்தைக்குப் பொட்டு வைப்பார்களென்று தன் மாமியார் சொன்னதைச் சொன்னாள். அம்மா ஊரையே பார்த்ததில்லை. தொட்ட விரலை என் பேரன் நெற்றியில் வைத்துத் துடைத்தாள்.

மே மாதமாக இருந்தது ஒரு நல்ல காரியம். ஐந்து கொம்பு வெட்டி, நுனி வெட்டில் சாணி பூசி ஊன்றினேன். மூன்று அழுகின, இரண்டு துளிர்த்தன. ஒன்றைத் தெருமுனையில் வைத்தோம். மற்றது முற்றத்தில், பழைய இடத்திலேயே. அதைப் புது மரம் என்று சொல்வதா, அப்பா நட்ட அதே மரம் என்று சொல்வதா என்று எனக்கு இன்றுவரை தீரவில்லை.

அண்ணன் மகள் கேட்டது பறவைகளைப் பற்றி, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். மரம் வைத்தால் மட்டும் பறவை வராது. பழைய அடிமரத்தில் ஒரு துண்டை நான் வேலியோரம் அப்படியே மக்கவிட்டேன். பாம்பு வரும் என்று அம்மா ஒரு வருஷம் சண்டை போட்டாள். வந்தது அரணையும் தேரையும் காளானும்தான். அடுத்த சண்டை சருகுக்கு. முற்றத்தைப் பெருக்கிச் சாணம் தெளித்துப் பளிச்சென்று வைப்பதுதான் தமிழ் வீட்டுக்கு அழகு. நான் மரத்தடியில் மட்டும் பெருக்காதே என்றேன். படௌக் வெயில் காலத்தில் மொத்தமாக இலை உதிர்க்கும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும், சருகு மக்கினால் மண் கறுக்கும். இப்போது குண்டுக்கரிச்சான் தினமும் காலையில் அந்தச் சருகைக் கிளறிப் புழு பொறுக்குகிறது. காய்ந்த கிளை ஒன்றை வெட்டாமல் விட்டதில் குக்குறுவான் துளை போட்டது. வேலிக்கு இட்லிப்பூவும் செம்பருத்தியும், அதற்குத் தேன்சிட்டு. பூக்கும் அந்த ஒரு நாள் மட்டும் காலையிலிருந்தே மரம் முழுக்கத் தேனீ இரைச்சல். குழந்தைகள் மழை சத்தம் என்று நினைத்து வெளியே வருவார்கள். யாங்கோன் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. ராமர் இங்கே வரவில்லை என்று அப்பா சொல்வார்.

திஞ்சானுக்கு முன்னால் கூவத் தொடங்குவது குயில். பர்மியர்கள் அதன் குரலை ஊ–ஆ என்று கேட்கிறார்கள், பறவைக்குப் பெயரும் அதுதான். நெல்லறுப்பு முடிந்ததும் கதிர்க்கொத்துகளைப் பின்னலாகக் கட்டிக் கடைகளில் விற்பார்கள், பால்கனியில் சிட்டுக்குருவிக்குத் தொங்கவிட. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் வாசலில் நெற்கதிர் கட்டுவது உண்டென்று 1998இல் முதல் தடவை போனபோது பார்த்தேன். தோட்டம் வைக்கச் சொல்லித்தரும் புத்தகங்கள் வருவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

2021 ஏப்ரலில் பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு வந்த முதல் திஞ்சானில் யாரும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. மக்கள் திஞ்சான் பூப்பானைகளில் மூன்று விரல் சின்னம் தீட்டித் தெருவில் வைத்தார்கள். எங்கள் தெருமுனை மரத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பையன்கள் கொத்து ஒடித்துப் போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் இரண்டு பேர் இப்போது தாய்லாந்தில் இருக்கிறார்கள்.

அவளுக்கு எழுதிய பதிலோடு படௌக் காய் நாலைந்து வைத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். கனடாக் குளிரில் முளைத்தாலும் நிற்காது. விதை அனுப்பச் சுங்கத்தில் விதியும் இருக்கும். அதனால் காய்களைத் தாளின் மேல் வைத்துச் சுற்றி பென்சிலால் வரைந்து, அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. டாக்வுட்டில் இன்னும் காய் வரவில்லையாம், ராபின் ஒன்று தினமும் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறதாம். கீழே தமிழில், எழுத்துப் பிழையோடு: "சித்தப்பா, வேங்கை எப்ப பூக்கும்? அப்ப டிக்கெட் போடறேன்."

மழை பெய்தால்தான் சொல்ல முடியும் என்று எழுதியிருக்கிறேன்.